தைமின் லிப்பிடுப் படலம்: அடினைனை இனங்காண வைப்பதும் ஒளியில் வினைபுரிய வைப்பதும் – முழுமையான வழிகாட்டி

டி.என்.ஏ.வில் அடினைன் தைமினோடு சேரும், குவானைன் சைட்டோசினோடு சேரும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அந்தத் தைமினைத் தனியே எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கூடவே அடினைனையும் போட்டால் இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் இணை சேருமா? அநேகமாகச் சேராது. ஒவ்வொரு தைமினையும் ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தயாரான நீர் மூலக்கூறுகள் மொய்த்துக் கிடக்கின்றன. அடினைனுக்கு அங்கே இடம் ஏது? தண்ணீருக்குள் இந்தக் காரங்கள் இணை சேர்வதைவிட, தட்டையான முகங்கள் பார்த்தபடி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்வதையே விரும்புகின்றன.

அதே தைமினுக்கு நீளமான கொழுப்புச் சங்கிலி ஒன்றைப் பொருத்தி, தண்ணீரின் மேற்பரப்பில் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரப்பினால் நிலைமை மாறிவிடுகிறது. சங்கிலிகள் காற்றுப் பக்கம் நிற்கும், தைமின் தண்ணீரைத் தொட்டபடி இருக்கும். பிணைப்பு நடக்கும் இடம் பாதி எண்ணெய், பாதி நீர் என்ற எல்லையில் அமைவதால் நீரின் போட்டி குறைகிறது. ஜப்பானில் டோயோகி குனிடாகேயின் குழு 1991இல் இதை எண்ணாகவே காட்டியது. குவானிடினியம் – பாஸ்பேட் இணைக்குத் தண்ணீருக்குள் பிணைப்பு மாறிலி, அதாவது பிணைப்பின் வலிமையைக் காட்டும் எண், 1.4 தான், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் அதே இணைக்கு 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை போயிற்று. அது தைமின் – அடினைன் இணை அல்ல, மின்சுமையும் அதில் உண்டு. ஆனாலும் பரப்பு என்ன செய்யக்கூடும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஒளிவினைப் பக்கத்தின் கதை 1960இல் தொடங்குகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பாய்க்கர்ஸ், பெரண்ட்ஸ் என்ற இருவர், உறைய வைத்த தைமின் கரைசலில் புறஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். இரண்டு தைமின்கள் ஒட்டிக்கொண்ட இருபடி கிடைத்தது. திரவத் தண்ணீரில் அவ்வளவாக நடக்காத வினை பனிக்கட்டியில் நடந்ததற்குக் காரணம், உறையும்போது தைமின்கள் ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளப்பட்டதுதான். அடினைனை இனங்காணல், ஒளிவினை என்ற இந்த இரண்டையும் ஒரே படலத்தில் சேர்த்தவர்களில் ஜெர்மனியின் ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப் குழு முக்கியமானது. நியூக்ளியோலிப்பிடுகளின் (இப்படிக் கொழுப்புச் சங்கிலி பொருத்திய காரங்களின்) நிலையமைவு, இனங்காணல், ஒளிவினை மூன்றையும் பற்றி ரோஸ்மேயர், ஸேலா ஆகியோருடன் சேர்ந்து 1990இல் எழுதினார்கள். பிறகு ஹொக்கைடோவில் ஷிமோமுராவும் இஜிரோவும் பாலிநியூக்ளியோடைடுகளை (டி.என்.ஏ. போன்ற நீண்ட இழைகளை) அடியில் வைத்துப் படலங்களை ஒழுங்குபடுத்தினார்கள்.

இந்த வழிகாட்டி ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு போகும். இனங்காணலும் ஒளிவினையும் தைமினின் வெவ்வேறு உறுப்புகளைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அடினைன் பிடிப்பது தைமினின் ஓரத்தை: 3ஆம் நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜனையும் அதன் பக்கத்துக் கார்பனைல் ஆக்சிஜனையும். ஒளி இணைப்பது தைமினின் முகத்தை: 5, 6ஆம் கார்பன்களுக்கு இடையே உள்ள இரட்டைப் பிணைப்பு இன்னொரு தைமினின் அதே பிணைப்போடு சேர்ந்து நான்கு கார்பன் வளையமாகிறது. இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்பதை நிர்ணயிக்கும் கைப்பிடி, படலம் மிதக்கும் நீர்த்தொட்டியின் மேல் நகர்ந்து அதை நெருக்கும் தடுப்புப் பட்டைதான்.

படி 1: ஒரு சங்கிலியா, இரண்டா?

ஆய்வகத்தில் கால் வைக்கும் முன்பே, காகிதத்தில் போட வேண்டிய கணக்கு இது. நேராக நின்று நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒரு கொழுப்புச் சங்கிலி ஏறக்குறைய 20 சதுர ஆங்ஸ்ட்ராம் இடம் பிடிக்கும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). அறுகோண ஒழுங்கில் அடுத்தடுத்த சங்கிலிகளுக்கு இடையே 4.8 ஆங்ஸ்ட்ராம் வரும். இரட்டைச் சங்கிலி லிப்பிடு என்றால் 40 சதுர ஆங்ஸ்ட்ராம், தலைகளுக்கு இடையே ஏறத்தாழ 6.8 ஆங்ஸ்ட்ராம்.

திடநிலையில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் ஒளியால் சேர, அவை இணையாக நிற்க வேண்டும். இடைவெளி சுமார் 4.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும். சின்னமிக் அமிலப் படிகங்களை வைத்து ஷ்மிட் 1964இல் சொன்ன விதி இது. 4.8 என்பது அதற்கு மிக அருகில் இருக்கிறது. தலைக்கும் சங்கிலிக்கும் நடுவே கொஞ்சம் வளையக்கூடிய இணைப்பு இருந்தால், தைமின்கள் ஓரமாக நின்று ஒரு பக்கத்துத் தைமினோடு 3.4 ஆங்ஸ்ட்ராமுக்கு நெருங்கிவிடும். 6.8 இலிருந்து அங்கே வருவது கடினம்.

அப்படியானால் இரட்டைச் சங்கிலி வேண்டாமா? அடினைனுக்கு அதுதான் வசதி. தலைகளுக்கு நடுவே உள்ள கூடுதல் இடத்தில் விருந்தாளி நுழைந்து உட்கார முடியும். படலமும் உறுதியாக நிற்கும். எனவே இனங்காணல்தான் உங்கள் கேள்வி என்றால் இரட்டைச் சங்கிலி, ஒளிவினைதான் கேள்வி என்றால் ஒற்றைச் சங்கிலி. இரண்டையும் ஒரே படலத்தில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒற்றைச் சங்கிலியையே சொல்வேன். பட்டையைத் தளர்த்தி இடம் கொடுக்கலாம். இரட்டைச் சங்கிலியை எவ்வளவு அழுத்தினாலும் 40க்குக் கீழே கொண்டுபோக முடியாது.

கீழே சொல்வதெல்லாம் ஒரு குறிப்பிட்ட லிப்பிடை மனதில் வைத்து: தைமின்-1-இல் அசெட்டிக் அமிலத்தின் (thymin-1-yl, அதாவது தைமினின் 1ஆம் நைட்ரஜனில் அசெட்டிக் அமிலம் ஏறியது) ஆக்டாடெசில் எஸ்டர். மூலக்கூறு எடை 436.6. தைமினுக்கும் 18 கார்பன் சங்கிலிக்கும் நடுவே ஒரு மெத்திலீனும் எஸ்டரும் இருப்பதால் தலை ஓரளவு திரும்ப முடியும்.

படி 2: தயாரிப்பு, அதைவிட முக்கியமாகத் தூய்மை

தைமின்-1-இல் அசெட்டிக் அமிலம் கடையிலேயே கிடைக்கிறது. பெப்டைடு நியூக்ளிக் அமில வேலைகளுக்கு வாங்கும் பொருள். ஆக்டாடெக்கனாலோடு ஈடிசி (EDC) என்ற இணைப்புப் பொருளும் சிறிது டிஎம்ஏபி (DMAP) என்ற வினையூக்கியும் சேர்த்து, டைகுளோரோமீத்தேனில் கரைய மறுத்தால் கொஞ்சம் டைமெத்தில்ஃபார்மமைடு விட்டு எஸ்டராக்கலாம். தைமினை நேரடியாக ஆக்டாடெசில் புரோமைடோடு வினைபுரிய வைக்கும் குறுக்கு வழியும் உண்டு. அதில் 1ஆம் நைட்ரஜனோடு 3ஆம் நைட்ரஜனிலும் சங்கிலி ஏறிய துணைப்பொருள் வரும். அடினைன் பிடிக்க வேண்டிய ஹைட்ரஜனே அதில் இருக்காது. படலத்தில் அது கலந்திருந்தால் இனங்காணல் குறைவதன் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

எஸ்டர் வழியில் கவனிக்க வேண்டிய எதிரி வேறு: வினைபுரியாமல் மிஞ்சிய ஆக்டாடெக்கனால். அதுவே அருமையாகப் படலம் அமைக்கும் பொருள் என்பதால் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலும் அழுத்த வரைகோட்டின் (படலத்தை நெருக்கும்போது பரப்பு அழுத்தம் ஏறுவதைக் காட்டும் கோட்டின்) வடிவத்தைக் கெடுக்கும். சிலிக்கா நிரலில் பிரித்து, பிறகு படிகமாக்குங்கள். என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலையைக் குளோரோஃபார்மில் எடுத்தால் 6ஆம் கார்பனின் ஹைட்ரஜன் 6.9 பிபிஎம்முக்கு அருகிலும், நைட்ரஜனை ஒட்டிய மெத்திலீன் 4.4க்கு அருகிலும், எஸ்டரை ஒட்டியது 4.2க்கு அருகிலும், மெத்தில் 1.9க்கு அருகிலும் வரும். ஆல்கஹால் மிச்சம் இருந்தால் 3.6 பக்கம் தலைகாட்டும். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் 'தூய்மையாக இருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள்.

படி 3: தொட்டியும் தண்ணீரும்

ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத் தொட்டியையும் அதன் குறுக்கே நகரும் பட்டையையும் வைத்துச் செய்த அளவீடுகள், ரேலி பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதமாக 1891இல் 'நேச்சர்' இதழில் வந்தன. லாங்முயர் 1917இல் செம்மைப்படுத்திய தொட்டிக்கு மூலவடிவம் அதுதான். இன்றைய டெஃப்லான் தொட்டியும் அடிப்படையில் அதே சாதனம். நகரும் பட்டை, பரப்பு இழுவிசையை அளக்கும் ஒரு தகடு, அவ்வளவே. தகடு 1863இல் வில்ஹெல்மி கொடுத்தது. வடிதாள் துண்டே போதுமானது.

20 டிகிரி செல்சியஸில் சுத்தமான நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். படலம் அதை எவ்வளவு குறைக்கிறதோ அதுதான் பரப்பு அழுத்தம். நீரின் மின்தடைத்திறன் 18.2 மெகாஓம்-சென்டிமீட்டர் இருக்கட்டும். தொட்டியைக் குளோரோஃபார்மால் துடைத்து, நீர் நிரப்பி, லிப்பிடு எதுவும் போடாமலேயே பட்டையை முழுக்க நெருக்குங்கள். அழுத்தம் மீட்டருக்கு 0.2 மில்லிநியூட்டனுக்கு மேல் ஏறினால் பரப்பில் அழுக்கு இருக்கிறது. பட்டை நெருங்கிய நிலையிலேயே, உறிஞ்சுகுழாயின் நுனி நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்து மேல்தோலை உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுபடி செய்யுங்கள். மூன்றாம் தடவையும் ஏறினால் நீரை மாற்றுங்கள். உறிஞ்சிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

பிஎச் பற்றி: தைமினின் 3ஆம் நைட்ரஜன் 9.8 அளவில்தான் ஹைட்ரஜனை இழக்கும், அடினைன் 4க்கும் கீழே போனால்தான் ஹைட்ரஜனை ஏற்கும். காற்றுப் பட்ட சாதாரணத் தூயநீர் 5.6 பக்கம் இருக்கும். இரண்டு எல்லைக்கும் நடுவே பத்திரமான இடம் அது. தாங்கல் கரைசல் சேர்க்காமல் தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு உப்பும் ஒரு புதிய சந்தேகம்.

படி 4: பரப்புதல்

லிட்டருக்கு 1 மில்லிமோல் செறிவில், அதாவது மில்லிலிட்டருக்கு 0.437 மில்லிகிராம், குளோரோஃபார்மில் கரைசல் எடுங்கள். 300 சதுர சென்டிமீட்டர் தொட்டியில் 50 மைக்ரோலிட்டர் விட்டால் ஒரு மூலக்கூறுக்கு 100 சதுர ஆங்ஸ்ட்ராம் கிடைக்கும். இந்தத் தாராளம் வேண்டும். முதலிலேயே நெருக்கமாகப் போட்டால் மூலக்கூறுகள் பரவும் முன்பே கட்டி கட்டியாகிவிடும்.

சிரிஞ்சின் ஊசி நீரைத் தொடக் கூடாது. ஊசி நுனியில் ஒரு துளி தொங்கட்டும். அதை மெல்ல இறக்கி நீரைத் தொட வையுங்கள். தொட்ட கணமே துளி வட்டமாக விரிந்து மறையும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் ஓரத்தில் வண்ணம் ஓடிப்போவது தெரியும். அடுத்த துளி வேறு இடத்தில். பத்துத் துளி போன பிறகு ஒரு துளி விரியாமல் கண்ணாடி மணிபோல நீரின் மேல் உட்கார்ந்திருந்தால், பரப்பு நிறைந்துவிட்டது அல்லது நீங்கள் அவசரப்படுகிறீர்கள். முடிந்ததும் கால் மணி நேரம் சும்மா விடுங்கள்.

பிறகு பட்டையை மெதுவாக, ஒரு மூலக்கூறுக்கு நிமிடத்துக்கு 5 சதுர ஆங்ஸ்ட்ராம் அளவில், நெருக்குங்கள். அழுத்தம் முதலில் சுழியத்திலேயே கிடக்கும், பிறகு தலைதூக்கும், கடைசியில் செங்குத்தாக ஏறி உடையும். செங்குத்துப் பகுதியைக் கீழே நீட்டினால் எங்கே வெட்டுகிறதோ அதுதான் மூலக்கூறின் இடம். 20க்குச் சற்று மேலே வந்தால் சங்கிலிகள் நெருக்கமாக நிற்கின்றன, தைமின்கள் ஓரமாக நிற்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. 30ஐத் தாண்டினால் தலைகள் சாய்ந்து படுத்திருக்கலாம். 15க்குக் கீழே வந்தால் மகிழ வேண்டாம். லிப்பிடில் ஒரு பகுதி அடுக்கின் மேல் அடுக்காகத் தாவிவிட்டது அல்லது தைமினின் ஈர்ப்பால் கரைந்துபோயிற்று. ஓர் அழுத்தத்தில் நிறுத்தி அரை மணி நேரம் பரப்பு சுருங்குகிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

படி 5: அடினோசினை அறிமுகப்படுத்துதல்

அடிநீரில், அதாவது படலத்துக்கு அடியில் உள்ள நீரில், அடினைனைவிட அடினோசின் வசதி. சர்க்கரை ஒட்டியிருப்பதால் நன்றாகக் கரையும். செறிவு லிட்டருக்கு 1 மில்லிமோல். ஒப்பிட யூரிடினும் குவானோசினும் (யுராசில், குவானைன் ஆகியவற்றின் சர்க்கரை ஒட்டிய வடிவங்கள்) வேண்டும், அதே செறிவில். குவானோசின் கரைவதில் சோம்பேறி, 1 மில்லிமோலுக்கு மேல் வற்புறுத்தாதீர்கள்.

மூன்று அடிநீரிலும், வெறும் நீரிலும், அதே லிப்பிடை அதே அளவு பரப்பி வரைகோடு எடுங்கள். அடினோசினில் மட்டும் படலம் விரிந்து, அதே அழுத்தத்தில் அதிக இடம் பிடித்தால் நல்ல அறிகுறி. சில லிப்பிடுகளில் இதற்கு நேர்மாறாகப் படலம் சுருங்கும். விருந்தாளி தலைகளை ஒழுங்காக நிற்கவைத்தால் அதுவும் நடக்கலாம். ஆக விரிந்ததா சுருங்கியதா என்பதைவிட, யூரிடினிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதோடு ஐந்தாவது ஒன்றும் செய்யுங்கள்: தைமினே இல்லாத ஆக்டாடெக்கனால் படலத்தை அடினோசின் நீரின் மேல் பரப்பிப் பாருங்கள். அங்கேயும் அதே மாற்றம் தெரிந்தால் நீங்கள் பார்த்தது இனங்காணல் இல்லை. இந்த ஐந்தாவது வரைகோடு இல்லாத கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

படலத்தில் ஏற்கெனவே தைமின் – தைமின் இணைகள் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அடினோசின் அவற்றைப் பிரித்துத்தான் உள்ளே வர வேண்டும். அதனால் முதலிலேயே நெருக்கிய படலத்துக்கு அடியில் அடினோசினைச் செலுத்துவதும், அடினோசின் நீரின் மேல் லிப்பிடைத் தளர்வாகப் பரப்பிப் பிறகு நெருக்குவதும் ஒரே முடிவைத் தராது. இரண்டாவது வழியே இயல்பானது. பதில் மங்கலாக இருந்தால் 2,6-டைஅமினோபியூரின் அடங்கிய விருந்தாளியை முயலுங்கள். அது தைமினோடு இரண்டுக்குப் பதில் மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு போடும்.

பாடப்புத்தகத்தில் உள்ள வாட்சன்–கிரிக் இணைதான் இங்கேயும் உருவாகிறது என்று எழுதிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன் 1959இல் 1-மெத்தில்தைமினையும் 9-மெத்தில்அடினைனையும் சேர்த்து வளர்த்த படிகத்தில், தைமின் அடினைனின் வேறொரு விளிம்பைப் பிடித்திருந்தது. டி.என்.ஏ.வின் முதுகெலும்பு கட்டாயப்படுத்தாதபோது காரங்கள் அப்படியும் சேரும். அகச்சிவப்பு நிறமாலை பிணைப்பு உண்டு என்று சொல்லும்; எந்த விளிம்பு என்பதை அது ஒன்றே தீர்த்து வைக்காது.

படி 6: எத்தனை அடினோசின் ஒட்டியது என்று எண்ணுதல்

வரைகோடு 'ஏதோ நடந்தது' என்று சொல்லும். எண்ணிக்கைக்குப் படலத்தைத் திடத்தகட்டுக்கு மாற்ற வேண்டும். கேத்தரின் பிளாஜெட் 1935இல் வெளியிட்ட முறை இன்றும் அதேதான். அழுத்தத்தை நிலையாக வைத்துக்கொண்டு தகட்டை மெதுவாகச் செங்குத்தாக மேலே இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு ஒட்டி வரும். ஒளிவினைக்கும் புறஊதா அளவீட்டுக்கும் தகடு உருக்கிய குவார்ட்ஸாகவே இருக்க வேண்டும்; சாதாரணக் கண்ணாடி நமக்கு வேண்டிய ஒளியைத் தானே விழுங்கிவிடும்.

எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் நைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். நம் லிப்பிடில் 25 கார்பனுக்கு 2 நைட்ரஜன், விகிதம் 0.08. ஒவ்வொரு லிப்பிடுக்கும் ஓர் அடினோசின் ஒட்டியிருந்தால் 35 கார்பனுக்கு 7 நைட்ரஜன், 0.20. இரண்டு லிப்பிடுக்கு ஒன்று என்றால் 60க்கு 9, அதாவது 0.15. இந்த இடைவெளி பெரியது, கருவியின் பிழைக்குள் அமுங்காது. ஆனால் தகட்டோடு ஒட்டிவந்த நீர் காய்ந்து விட்டுச்சென்ற அடினோசினும் இதில் சேரும். மறுபடியும் அதே ஆக்டாடெக்கனால் படலம்தான் காப்பாற்றும்: அதில் எவ்வளவு நைட்ரஜன் வருகிறதோ அதைக் கழித்துவிடுங்கள்.

சங்கிலிகள் ஒழுங்காக நிற்கின்றனவா என்பதை அகச்சிவப்பில் சென்டிமீட்டருக்கு 2918, 2850 என்ற இரண்டு அலை எண்களைக் கொண்டு பார்க்கலாம். நேரான சங்கிலிக்கு மெத்திலீன் அதிர்வுகள் அங்கே வரும். குழம்பிய சங்கிலிக்குச் சில எண்கள் மேலே தள்ளிப்போகும்.

படி 7: ஒளி

முதலில் பாதுகாப்பு. நீங்கள் படலத்தில் செய்யப்போகும் வினை, உங்கள் தோல் செல்களின் டி.என்.ஏ.விலும் அப்படியே நடக்கும். முகக்கவசம், கையுறை, விளக்கைச் சுற்றி மூடிய பெட்டி. கண்ணில் பட்டால் வலி அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்து மண் விழுந்ததுபோல உறுத்தும்.

தைமின் 265 நானோமீட்டருக்கு அருகில் அதிகம் உறிஞ்சும். இருபடியில் இரட்டைப் பிணைப்பு போய்விடுவதால் அந்த உறிஞ்சுதலும் போய்விடும். ஆனால் 240க்குக் கீழே இருபடி உறிஞ்சி மறுபடி இரண்டு தைமினாகப் பிளக்கும். ஆக 280க்கு மேற்பட்ட ஒளி முன்னோக்கித் தள்ளும், 240 பக்கத்து ஒளி பின்னோக்கி இழுக்கும். எல்லா ஆய்வகத்திலும் இருக்கும் குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு 254 தரும். அது இரண்டையும் ஒருசேரச் செய்து ஒரு சமநிலையில் நிறுத்தும். முன்னோக்கிய வினைக்கு 285 நானோமீட்டர் எல்இடி எளிமையானது. பாதரச விளக்கின் 185 கோடு வெளியே வந்தால் ஓசோன் உண்டாகும்; அதைத் தடுக்கும் உறை உள்ளதையே வாங்குங்கள். நம் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோனுக்குக் கடிக்க எளிதான இடம் இல்லை. இரட்டைப் பிணைப்புள்ள ஓலியில் (oleyl) சங்கிலி வைத்த லிப்பிடாக இருந்தால் கதை வேறு.

எங்கே ஒளி பாய்ச்சுவது, நீரின் மேலா, தகட்டிலா? தகட்டில் எளிது, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. தகட்டைக் கீழும் மேலுமாக இழுத்து அடுக்கிய படலத்தில் அடுத்தடுத்த அடுக்குகள் தலையோடு தலை பார்த்து நிற்கும். அப்போது உருவாகும் இருபடி பக்கத்து மூலக்கூறோடு உண்டானதா, எதிர் அடுக்கோடு உண்டானதா? நீரின் மேல் அந்தக் கேள்வியே எழாது. அதனால் நீரின் மேல் ஒளி பாய்ச்சிவிட்டுப் பிறகு தகட்டுக்கு மாற்றுவதையே பரிந்துரைப்பேன். ஒளி மேலிருந்துதான் வர வேண்டும். அடியிலிருந்து வந்தால் அடினோசின் நீரே அதைக் குடித்துவிடும்.

அழுத்தத்தை நிலையாக வைத்து, பரப்பு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யுங்கள். விளக்கின் சூட்டில் நீர் ஆவியாகி மட்டம் இறங்கினால், அழுத்தம் அளக்கும் தகடு பொய் சொல்லும். ஆகவே விளக்கை முன்பே எரியவிட்டு, மூடியைத் திறந்து மூடுவதன் மூலம் ஒளியைக் கொடுங்கள். அதே நேரத்துக்கு ஆக்டாடெக்கனால் படலத்திலும் செய்து அந்த நகர்வைக் கழியுங்கள்.

தகட்டில் அளவிடும்போது எதிர்பார்க்க வேண்டிய எண் எவ்வளவு? ஒரு மூலக்கூறுக்கு 25 சதுர ஆங்ஸ்ட்ராம், மோலார் உறிஞ்சுதல் 9000 என்று கொண்டால் ஓர் அடுக்குக்கு 0.006 வரும். தகட்டின் இரு பக்கமும் பத்துப் பத்து அடுக்கு இருந்தால் 0.12. அதற்கு ஒரு முறை பரப்பிய லிப்பிடு போதாது: 75 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கிய படலத்தில், இரு பக்கமும் சேர்த்து 12 சதுர சென்டிமீட்டர் உள்ள தகடு ஒவ்வொரு இழுப்புக்கும் 12 எடுத்துக்கொள்ளும். நாலைந்து இழுப்புக்குப் பிறகு புதிதாகப் பரப்ப வேண்டும். அடினோசின் உள்ள படலத்தில் அடினைனும் 260இல் பலமாக உறிஞ்சும், அது ஒளியில் பெரிதாக மாறாது. எனவே மொத்த உறிஞ்சுதல் பாதியாகக் குறையவில்லையே என்று கவலைப்படாமல், தைமினின் பங்கை மட்டும் பிரித்துக் கணக்கிடுங்கள். 320 நானோமீட்டர் பக்கம் புதிதாக மெல்லிய மேடு எழுந்தால் 6-4 என்ற இன்னொரு வகை விளைபொருளும் உருவாகிறது.

படி 8: வளைகோட்டைப் படித்தல்

உறிஞ்சுதல் முதலில் வேகமாகக் குறையும், பிறகு நொண்டும். இது விளக்கின் கோளாறில்லை. 18 தைமின்கள் கொண்ட டி.என்.ஏ. துண்டில் இருபடி ஒரு பிக்கோ விநாடிக்குள் உருவாகிவிடுகிறது என்று 2007இல் ஷ்ரையரும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். அவ்வளவு குறுகிய நேரத்தில் மூலக்கூறு திரும்பி நிற்க முடியாது. ஒளி படும் கணத்தில் யார் சரியாக நின்றார்களோ அவர்களே வினைபுரிவார்கள். உங்கள் வளைகோட்டின் வேகமான பகுதி அவர்களுடையது. அதன் அளவு பட்டையின் நிலையோடு மாறுகிறதா என்று பாருங்கள்: 5, 15, 30 மில்லிநியூட்டன் அழுத்தங்களில் தனித்தனியே. நெருக்க நெருக்க வேகமான பகுதி வளர்ந்தால், படலம் வினையை ஒழுங்குபடுத்துகிறது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முழுதாக 100 விழுக்காடு மாறாததற்கு வேறொரு காரணமும் உண்டு, அது வெறும் கணிதம். வரிசையாக நிற்பவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு ஏனோதானோவென்று ஜோடி சேர்ந்துகொண்டே போனால், இருபுறமும் ஜோடியான அண்டை வீட்டார் நடுவே சிலர் தனியாக மாட்டிக்கொள்வார்கள். ஒற்றை வரிசையில் அந்தப் பங்கு 13.5 விழுக்காடு என்று ஃப்ளோரி 1939இலேயே கணக்கிட்டார். தைமின்கள் தூண் தூணாக அடுக்கியிருந்தால் உங்கள் உச்சவரம்பு 86.5தான். சதுரக் கட்டமாக எல்லாப் பக்கமும் ஜோடி தேடலாம் என்றால் அது 91க்கு அருகில் போகும். வினை 60இலேயே நின்றுவிட்டால் குறை வேறெங்கோ, பெரும்பாலும் தவறாகத் திரும்பி நிற்கும் தைமின்களில். 254 விளக்கில் வினை இரு திசையிலும் ஓடுவதால் தனித்துப்போனவர்களுக்கு மறுவாய்ப்பு கிடைக்கும். அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

நைட்ரஜன் வாயுவின் கீழ் ஒரு முறை செய்யுங்கள். ஆக்சிஜனை விலக்கியதும் வேகம் கூடினால், நீண்ட ஆயுள் கொண்ட மும்மை நிலை என்ற கிளர்ந்த நிலை வழியாகவும் வினை நடக்கிறது. அடுக்கி நின்ற தைமின்கள் மட்டுமே வினைபுரிகின்றன என்ற வாதம் அங்கே தளர்ந்துவிடும்.

எந்த இருபடி என்பதற்குப் படலத்தைக் கரைத்து வண்ணப்பிரிகைக்கு (குரோமடோகிராஃபிக்கு) அனுப்ப வேண்டும். நான்கு மாற்றியங்கள் சாத்தியம். டி.என்.ஏ.வில் முதன்மையானது, இரு வளையங்களும் ஒரே பக்கம் ஒரே திசை நோக்கும் சிஸ்-சின். ஒரே திசையில் தலைகள் நிற்கும் ஒற்றை அடுக்கிலும் அதை எதிர்பார்க்கலாம். எதிரெதிர் திசை வகை நிறைய வந்தால் படலம் எங்கோ மடிந்து இரட்டை அடுக்காகியிருக்கிறது. ஒரு முறை பரப்பியதில் 50 நானோமோல், அதாவது 22 மைக்ரோகிராம்தான் உள்ளது. நான்கைந்து படலங்களைச் சேர்த்தே அனுப்புங்கள்.

படி 9: இரண்டையும் மோத விடுதல்

இப்போதுதான் ஆரம்பத்தில் சொன்ன போட்டியைப் பார்க்க முடியும். ஒரே அழுத்தம், ஒரே விளக்கு. அடிநீர் மட்டும் வெறும் நீர், யூரிடின், அடினோசின் என்று மாறட்டும். அடினோசின் தைமின்களுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிரித்தால் வினை மந்தப்படும். அடினோசின் தைமின்களின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தாமும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், தைமின்களையும் சேர்த்து வரிசைப்படுத்தி வினையை வேகப்படுத்தலாம். பாலி அடினைலிக் அமிலம் போன்ற நீண்ட இழையை அடிநீரில் போட்டால் இரண்டாவது வாய்ப்பு கூடும், ஏனென்றால் அதில் அடினைன்கள் ஏற்கெனவே கட்டுக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எது நடக்கும் என்பது லிப்பிடையும் அழுத்தத்தையும் பொறுத்தது. தளர்ந்த படலத்தில் ஒரு பதிலும் நெருங்கிய படலத்தில் அதற்கு எதிரான பதிலும் கிடைத்தால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். ஒன்றை விலக்கி மற்றதை மட்டும் வெளியிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கடைசிச் சோதனை எதிர்த்திசையில். முதலில் ஒளி, பிறகு அடினோசின். இருபடியிலும் அடினைன் பிடிக்க வேண்டிய ஓரம் அப்படியே இருக்கிறது; ஆனால் 5, 6ஆம் கார்பன்கள் நிறைவுற்றதால் வளையம் தட்டையாக இல்லை, இரண்டு வளையங்களும் ஒன்றுக்கொன்று சாய்ந்து பூட்டப்பட்டிருக்கின்றன, அடினைன் மேலே சாய்ந்துகொள்ளத் தட்டையான முகமும் இல்லை. இதைப் பார்க்கத் தொட்டியின் ஒரு பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைக்க நினைக்க வேண்டாம். நீர்ப்படலம் நகரும், வெளிச்சம் பட்டதும் படாததும் கலந்துவிடும். இரண்டு தனிப் படலங்களாகவே செய்யுங்கள். ஒன்று ஒளி பட்டது, மற்றது அதே அளவு நேரம் அதே தொட்டியில் இருட்டில் கிடந்தது. இரண்டின் அடியிலும் அடினோசினைச் செலுத்தி, ஒரு மணி நேரம் விட்டு, ஒரே அழுத்தத்தில் தகட்டுக்கு மாற்றி, நைட்ரஜன் – கார்பன் விகிதத்தை எடுங்கள். ஒளி பட்டதை மறுபடி 240 பக்கத்து ஒளியில் பிளந்து அதே அளவீட்டைத் திரும்பச் செய்யும்போது, விகிதம் பழைய இடத்துக்கு முழுதாக வராமல் போனால் முதலில் 320 நானோமீட்டர் மேட்டைப் பாருங்கள். 6-4 விளைபொருளை இந்த ஒளி திருப்பித் தராது.